அப்புத்துரை மாப்பிள்ளைக் கார் செலுத்திய பராக்கிரமம்

எண்டிசையும் கிறீஸ் மணக்கும் கீர்த்தியாளன், ஸ்பானர் ஏந்திய செங்கையன், திருகாணி கண்டால் தினவெடுக்கும் திண்தோளன், நெடுங்கேணிச் சந்தியில் வாடகைக் கார் ஓட்டும் அப்புத்துரை வாழ்க! அவன் கொற்றம் வாழ்க! அவன் இடுப்புச் சாரத்தில் ஊறிய எஞ்சின் ஒயில் என்றும் உலராது வாழ்க! கடவுள் வணக்கம் எங்கே என்று கேட்பீர்கள். பாடலாம்தான், ஆனால் தன்னைத் தவிர வேறொருவர் காரைக் காப்பாற்றினார் என்று சொன்னால் அப்புத்துரைக்குக் கோபம் வரும், அது கடவுளானாலும் சரி. ஆகவே நேரே காருக்குப் போவோம்.

முப்பத்துநாலாம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்து, கப்பலேறி வந்து, தோட்டத்துத் துரை ஒருவரைச் சுமந்து, பின் ஒரு டொக்டரைச் சுமந்து, அதன்பின் அரிசி ஆலைக்காரர் ஒருவரின் தவிட்டு மூட்டைகளைச் சுமந்து, ஈற்றில் ஐம்பத்தேழாம் ஆண்டளவில் நம் வீரனின் ஆட்சிக்கு வந்துசேர்ந்த கருநிறக் கிழச்சிங்கம் அது. முன்னே இரும்புக் கம்பியைக் கொடுத்துச் சுற்றினால் உறுமும். பின்னே புகைவிட்டுப் பகலவனை மறைக்கும். கதவு நாலு. மூன்று திறக்கும். நாலாவதைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா பூட்டியிருக்கு" என்பான் அப்புத்துரை.

அந்த ஆவணி மாதத்து நன்னாளிலே இச்சிங்கத்துக்கு விதிக்கப்பட்ட பணி பெரிது. முப்பத்தேழு வயதுவரை வயலுக்கும் வாய்க்காலுக்கும் வாழ்க்கைப்பட்டிருந்த கமக்காரன் சின்னராசாவை, மாப்பிள்ளைக் கோலத்தில், கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வைத்த பெட்டி சகிதம், புளியங்குளத்தில் கமலாசனி என்னும் மங்கை நல்லாளின் மணவறைக்குக் கொண்டு சேர்க்கவேண்டும். முகூர்த்தம் பத்து இருபதுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியும். அன்றைக்கு விட்டால் அந்த மாதத்தில் வேறு நாள் இல்லை. அடுத்த மாதம் புரட்டாதி, கலியாணம் கூடாது. அதற்குள் பெண்ணின் தாய்மாமன் தனக்குப் பிடித்த கிளாக்கர் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அவர் அதற்கு ஒரு சாட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போன சின்னராசாவுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். காலையில் அவனுக்கு இடியப்பம் இறங்கவில்லை.

உறவினரெல்லாம் விடியற்காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா சிவனேஸ்வரி மட்டும் காரில் வர நின்றாள். தம்பியின் கலியாணக் காருக்குப் பொட்டு வைக்கும் உரிமை அவளுடையது. அவ்வுரிமையை அவள் என்ன குறைவாகவா செலுத்தினாள்? சந்தனக் கிண்ணத்தைக் கையேந்தி, முன்விளக்கு இரண்டுக்கும், சில்லு நாலுக்கும், கைபிடி மூன்றுக்கும், பூட்டிய கதவின் கைபிடிக்கும், வட்டமாக எது கண்ணிற்பட்டதோ அதற்கெல்லாம் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் இட்டாள். காரின் பின்புறத்தே பெற்றோல் தாங்கியின் மூடியும் வட்டந்தானே! அம்மூடியின் நடுவிலே காற்றுப் போக ஒரு ஊசித்துளை உண்டு. அது அடைபட்டால் பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, தாங்கி பெற்றோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் விக்கி நின்றுவிடும். சிவனேஸ்வரி அந்தத் துளையின்மேல் மாங்கொட்டை அளவு சந்தனத்தை வைத்து அழுத்தினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

எட்டரைக்குப் புறப்பட்ட கிழச்சிங்கம், காட்டு வீதியில் ஆறு மைல் முழங்கிச் சென்று, ஏழாம் மைலில் மூன்று தரம் தும்மி, நின்றது. அப்புத்துரையின் முகத்திற் படர்ந்தது கவலையன்று, களிப்பு! பிழை எங்கே என்று தேடுவது கோழைகளின் வழி. கையிற்பட்டதைக் கழற்றிப் பூட்டுவதே அவன் குலவழக்கம். சாக்கை விரித்தான். பொனற்றைத் திறந்தான். "காபரேற்றருக்கை மண்!" என்று காடதிரப் பிரகடனஞ் செய்தான். மாப்பிள்ளையின் பட்டுக் கைலேஞ்சியை வாங்கி அந்தக் காபரேற்றரைத் துடைத்தான், ஊதினான், வெயிலிற் பிடித்துப் பார்த்தான், மறுபடி ஊதினான். இப்படி முப்பத்தைந்து நிமிடம் கழிய, தாங்கிக்குள் எங்கோ ஒரு மூலையால் காற்று மெல்லக் கசிந்து இறங்க, கம்பியைச் சுற்றியதும் எஞ்சின் எழுந்தது. "பார்த்தியளோ அக்கா!" என்றான் வீரன். அக்கா பார்த்தாள்; தம்பி மணிக்கூட்டைப் பார்த்தான்.

நைனாமடு தாண்டியதும் மறுபடி தும்மல், மறுபடி மௌனம். இம்முறை பிளக்குகளின்மேற் படையெடுத்தான் அப்புத்துரை. நாலையும் கழற்றி, உப்புத்தாளால் உரஞ்சி, நாலையும் பூட்டிச் சுற்றினான், சுற்றினான், தோள் கழன்றுவிடும்போற் சுற்றினான். சிங்கம் அசையவில்லை. அவ்வேளை கருவாட்டுக் கூடையோடு சைக்கிளில் வந்த வியாபாரி நளீர் இறங்கிநின்று, நல்ல மனத்தோடு, ஒரு கேள்வி கேட்டான்.

"பெற்றோல் கிடக்கோ, அண்ணை?"

அந்தோ! தேர்ந்த சாரதியிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? இருபது வருடமாகக் காரோடு கட்டிப்பிடித்துச் சீவித்தவனைப் பார்த்து, வாயில் பல்லிருக்கோ என்று கேட்டது போலல்லவா இது! சினத்தீ மூள, அப்புத்துரை பின்புறம் பாய்ந்து, மூடியைத் திருகித் திறந்தான். 'ஸ்ஸ்ஸ்' என்று தாங்கி பெருமூச்செறிந்தது. ஒரு தடியை உள்ளே விட்டெடுத்து, அரைத்தடி நனைந்திருக்க, அதை நளீரின் மூக்குக்கு நேரே நீட்டினான். பிறகு மூடியை இறுக்கி, முன்னே வந்து கம்பியை ஒரு சுற்றுத்தான் சுற்றினான், எஞ்சின் பொங்கியெழுந்தது. "பிளக்! எல்லாம் பிளக்கில கிடந்தது!" என்று கூவினான். நளீர் தலையை ஆட்டிவிட்டுத் தன் கருவாட்டோடு போனான்.

ஆனால் சின்னராசாவின் காதில் அந்த 'ஸ்ஸ்ஸ்' விழுந்துவிட்டது. வாய்க்கால் கதவு அடைத்தால் தண்ணீர் எப்படி நிற்கும், திறந்தால் எப்படிப் போகும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவன் அவன். மெல்லக் கேட்டான்: "அண்ணை, மூடியைத் திறக்கேக்கை ஒரு சத்தம் வந்ததெல்லே?"

"அது சும்மா காத்து, தம்பி. நீர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையா இரும்."

மாப்பிள்ளையாக இருந்தான். புளியங்குளத்துக்கு இன்னும் மூன்று மைல் கிடக்க, மணி பத்து முப்பத்தெட்டுக்கு, கார் மூன்றாம் முறை நின்றது.

ஆகா, அப்போது அப்புத்துரை எடுத்த விசுவரூபத்தை என்னென்பேன்! சாக்கை மீண்டும் விரித்து, ஸ்பானர்களை வரிசையாய் அடுக்கி, சாரத்தை மடித்துக் கட்டி, வானமும் வனமும் கேட்க முழங்கினான்: "பம்ப்! இண்டைக்கு ஒண்டில் இந்தப் பம்ப், ஒண்டில் நான்! முழுக்கக் கழட்டிப் பூட்டுறன், ஒரு மணித்தியாலம் தாங்கோ!" சிவனேஸ்வரி வாய்விட்டு அழத் தொடங்கினாள். "ஐயோ, என்ரை தம்பிக்கு இந்த முறையும் சரிவராதோ!" என்றாள். தாய்மாமன் மணிக்கூட்டை நீட்டிச் சபைக்குக் காட்டுவதும், கமலாசனி தலை குனிந்து எழும்பிப் போவதும் சின்னராசாவின் கண்முன்னே வந்தன. பயந்தான். உண்மையாகவே பயந்தான்.

அந்தப் பயமே அவனை எழுப்பியது. தலைப்பாகை சரிய, பட்டு வேட்டி முள்ளிற் கொழுவ, இறங்கிப் பின்னே போய், பெற்றோல் மூடியைத் திருகி எடுத்தான். 'ஸ்ஸ்ஸ்ஸ்!' மூடியின் நடுவே அக்காவின் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான்; போகவில்லை. கிறீஸ் பூசிய லேஞ்சியை எடுத்து, காற்றுப் போகும்படி, தாங்கியின் வாயில் தளர்வாகச் செருகினான்.

"அண்ணை, சுத்துங்கோ!"

"பம்பைக் கழட்டாமல் இந்தக் கார் ஒரு முழம் ஓடினால் என்ரை பேர் அப்புத்துரை இல்லை!"

முப்பத்தேழு வருடமாக ஒருவரையும் அதட்டாத அந்த மனிதன் அன்று அதட்டினான்: "பேரைப் பிறகு மாத்துங்கோ! இப்ப சுத்துங்கோ!"

அப்புத்துரை சுற்றினான். ஓடியது. மூடியைக் கையிற் பிடித்தபடியே மாப்பிள்ளை பாய்ந்தேறினான்.

பிறகென்ன! புழுதி எழ, புகை எழ, கோழிகள் கொக்கரித்துச் சிதற, நின்ற மாடுகள் நிலைகுலைய, மூன்று மைலையும் ஒரே மூச்சில் விழுங்கி, பத்து ஐம்பதுக்குப் பந்தல் வாசலில் வந்து நின்றது கிழச்சிங்கம். மணிக்கூட்டோடு வாசலில் நின்ற தாய்மாமன் அதை வேண்டாவெறுப்பாய் மடிக்குள் வைத்தார். கால் கழுவ வந்த மைத்துனன் மாப்பிள்ளையின் வலக்கையில் இருந்த இரும்பு மூடியைப் பார்த்துத் திகைக்க, சிவனேஸ்வரி அதைப் பிடுங்கித் தன் சேலைத் தலைப்பில் ஒளித்தாள். அவசர அவசரமாகச் சடங்குகள் ஓடின; கூறை மாற்றப் போன பெண்ணை மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்; ஐயர் மந்திரத்தில் பாதியை விழுங்கினார். பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்க, மேளம் கொட்டி முழங்க, சின்னராசா தாலியைக் கட்டினான். அவன் கண் கலங்கியதைக் கண்டவர்கள் ஓமப்புகை என்று நினைத்தார்கள்.

வெளியே, வேப்பமரத்தடியில் கூட்டத்தைக் கூட்டி வைத்து, அப்புத்துரை தன் வெற்றியை விரித்துரைத்துக்கொண்டிருந்தான். "பம்ப் பிழை. நான் கழட்டப்போறன் எண்டு சொன்னதுதான், பயத்திலை ஓடத் தொடங்கிற்று!" என்றான். பேர் மாற்றும் பேச்சை அவன் எடுக்கவில்லை.

உள்ளே, ஓமத்தீ ஒளிர, மலர்மழை பொழிய, கூறையுடுத்த கோமகள், பொன்பூண்ட பூங்கொடி, புளியங்குளத்துப் புத்தொளி, கமலாசனி என்னும் காரிகை, ஊழும் கோளும் காபரேற்றரும் கடந்து தன்னை வந்தடைந்த நாயகனின் கரம் பற்றி, குனிந்த தலை சற்றே நிமிர்த்தி, அன்பு கனிய, அவனை நோக்கி முதன்முதலாகத் திருவாய் மலர்ந்தருளினாள்:

"பெற்றோல் மணக்குது, போய்க் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."