முதலில் புறப்பட்ட பை

என் தந்தை கைப்பட எழுதிய தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்தது. ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. (தேதியும் ஆண்டும் என் குறிப்பேட்டில் உண்டு, இந்தக் கதைக்குக் கிழமை போதும்.) அச்சில் உள்ளவை: ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு, சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். அதற்குக் கீழே நீலப் பேனாவில் இரண்டு வரிகள்: "பையன் பயணம். ஏகாம்பரத்துக்குச் சொல்லணும்."

நைனாவின் வழக்கம் அது. நடக்க வேண்டிய காரியத்தை, நடக்க வேண்டிய நாளின் தாளிலேயே முன்கூட்டி எழுதிவிடுவார். அந்த நாள் சாயங்காலம் முடிந்ததையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டுத் தாளைக் கிழிப்பார். இந்தத் தாளில் இரண்டு வரிகளும் அடிக்கப்படவில்லை.

எதையும் எழுதி வைக்கிற புத்தி எனக்கு அவரிடமிருந்து வந்ததா, ஊரிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. உத்திரமேரூர்க்காரனுக்கு அது ஊர்க்காற்றிலேயே உண்டு. ஊர்ச்சபைக் குழுவுக்கு ஆள் எடுப்பதற்கான விதிகளை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. நான் அந்தப் பெருமையைச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொண்டவன். ஏரி கலங்கல் வழிந்த நாள், வீட்டு மோட்டார் பழுதான நாள், மகள் யாழினிக்கு முதல் பல் முளைத்த நேரம் (காலை 7.20), எல்லாம் என்னிடம் இருக்கும். பள்ளியில் வரலாறு நடத்துகிறவனுக்கு இதற்கு மேல் ஒரு கிறுக்கு தேவையில்லை.

என் மனைவி கலைவாணி செவிலியர். அவளுக்கு அயர்லாந்தில் ஒரு சிறிய நகரத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகலாம் என்று கடிதத்தில் இருந்தது. யாழினிக்கு அப்போது நாலு வயது. மார்கழிப் பனிக்கே இழுப்பு வரும். கலை ஒரே நிபந்தனை போட்டாள்.

"நீங்க மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க. பத்து நாள் இருங்க. வூடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, இவளுக்கு அந்தக் குளுரு ஆவுமா, எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க பாக்காத ஊருக்கு நான் கொழந்தய தூக்கிக்கினு வரமாட்டேன்."

நான் திரும்பி வந்த மறுநாளே அவள் பதில் அனுப்ப வேண்டும். ஆக, மூன்று பேர் வாழ்க்கை என் பத்து நாள் பயணத்தில் இருந்தது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் புதுக் குறிப்பேடு வாங்கினேன்.

அதில் அறுபத்து நாலு கேள்விகள். வீடு, பள்ளி, மருத்துவம், உணவு, வானிலை என்று ஐந்து பகுதிகள். பதினேழாவது கேள்வி: கறிவேப்பிலைச் செடி தொட்டியில் பிழைக்குமா? முப்பத்தொன்று: பள்ளிப் பிள்ளைகள் மழையில் விளையாடுகிறார்களா, ஆசிரியர் தடுக்கிறாரா? நாற்பத்தாறு: குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகுமா? இவை தவிர, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று தனிப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரோடு. (வீட்டில் மொத்தம் நாலு பேர். அதில் ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது.)

டிக்கெட் வெள்ளிக்கிழமை மாலைக்கு அமைந்தது. நைனா நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெள்ளிக்கெழம மேற்கால சூலம்டா."

"ஏர்போர்ட்டு நமக்குக் கிழக்க இல்ல இருக்கு நைனா?"

"ஏர்போர்ட்டு இன்னா ஊரா? நீ எறங்கற எடம் எந்தத் திக்கு?"

மேற்குதான். அதை மறுக்க என் புவியியல் அறிவு இடம் தரவில்லை.

"பரிகாரம் வெல்லம்னு போட்டுக்கீதே மாமா," என்றாள் கலை. "ஒரு துண்டு வாயில போட்டுக்கினு போவட்டும்."

"வெல்லம் வேலூர் போறவனுக்கும்மா. கடல் தாண்டறவனுக்குப் பத்துமா?"

அதற்கும் வழி உண்டு. பரஸ்தானம். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், போகிற திசையில் உள்ள வேறொருவர் வீட்டில் உங்கள் பொருள் எதையாவது கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கூடாது: வைத்த பொருள் பயணம் போகாமல் வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது.

"ஒரு துண்டும் ரெண்டு மஞ்சக் கெழங்கும் வெச்சா போதும்," என்றார் நைனா.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. பழைய சோதிட நூல் ஒன்றில், பயணத்துக்கு இன்றியமையாத பொருளையே வைப்பது உத்தமம், மற்றது மத்திமம் என்று படித்திருந்தேன். நான் எப்போது மத்திமத்தோடு நின்றிருக்கிறேன்? பாஸ்போர்ட், விசா, டிக்கெட், அறுபத்து நாலு கேள்விகள், எல்லாவற்றையும் ஒரு தோள்பையில் போட்டேன்.

"பாஸ்போர்ட்டயா? உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் கலை.

"எது இல்லாம பயணம் இல்லையோ, அதத்தான் வைக்கணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு என் குறிப்பேட்டில் சொல் இல்லை.

புதன்கிழமை காலை 6.10க்கு நைனாவும் நானும் மொபெட்டில் போய், ஊரின் மேற்குக் கடைசியில் இருக்கும் ஏகாம்பரம் மாமா வீட்டில் பையை வைத்தோம். அவர் நைனாவின் பால்ய சிநேகிதர், தனியாக இருந்தார். பைக்குக் குங்குமப் பொட்டு வைத்துக் கட்டிலின் மேல் உட்கார வைத்தார். என்றைக்கு எடுத்துக்கொள்ள வருவேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஏனென்றால் என் பட்டியலில் நாற்பத்தொன்றாவது வேலை இப்படி இருந்தது: "ஏகாம்பரம் மாமாவிடம் கிழமையைச் சொல்வது. பொறுப்பு: நைனா."

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்பே கிளம்பினோம். வழியனுப்ப நைனா, கலை, யாழினி எல்லாரும் வாடகை வண்டியில். அயர்லாந்தின் குளிரை நினைத்து நான் ஆவணி வெயிலில் கோட்டு போட்டிருந்தேன். 9.52க்கு ஏகாம்பரம் மாமா வீட்டு வாசல். கதவில் பூட்டு.

கைப்பேசியில் அழைத்தேன். மணி அடித்தது, வீட்டுக்குள்.

சன்னல் வழியாகப் பார்த்தால், பொட்டு வைத்த பை கட்டிலின் மேல் சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது.

எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா வந்தார். "அவுரு காலைல ஆறு மணி பஸ்சுக்கே வந்தவாசி போயிட்டாரே, பொண்ணு வூட்டுக்கு. நீ இன்னாப்பா, கோட்டு போட்டுக்கினு திருட வந்துக்கிற?"

மகள் வீட்டு எண் யாரிடமும் இல்லை. (என் குறிப்பேட்டில் அயர்லாந்தின் தீயணைப்பு நிலைய எண் இருந்தது.) பூட்டை உடைக்கலாம் என்றாள் கலை. நைனா ஒரேயடியாக மறுத்தார். "வெள்ளிக்கெழமல அடுத்தவன் வூட்டுப் பூட்ட ஒடைக்கிறதா? அவன் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

கன்னியம்மா அக்கா மாங்காய் பறிக்கும் தொரட்டியைக் கொடுத்தார். சன்னல் கம்பி வழியாக அதை விட்டேன். முதல் முயற்சியில் கொடியில் கிடந்த மாமாவின் வேட்டி வந்தது. இரண்டாவதில் அவருடைய பனியன். கூடிய கூட்டத்தில் ஒருவர், "வரிசயா எடு தம்பி, அவசரமில்ல," என்றார். மூன்றாவதில் பையின் வார் கொக்கியில் மாட்டியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. நான் இழுத்தேன். பை கட்டிலிலிருந்து விழுந்து, உருண்டு, கட்டிலுக்கு அடியில் எந்தத் தொரட்டிக்கும் எட்டாத மூலைக்குப் போய்விட்டது.

"அப்பா ஊருக்குப் போறாரா, மாங்கா பறிக்கிறாரா?" என்று கேட்டாள் யாழினி.

பகல் முழுக்கக் காத்திருந்தோம். அந்த நேரத்துக்கான என் குறிப்பை இப்போது எடுத்துப் பார்க்கக் கூசுகிறது. அந்தப் பூட்டின் அமைப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரே வரி: "11.50. கலை நைனாவின் காலைப் பிடித்துப் பார்த்தாள்."

நடந்தது இதுதான். நைனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பு வார் பதிந்த தடம் அவர் பாதத்தில் வாய்க்கால் மாதிரி இருந்தது. கலை குனிந்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"எத்தினி நாளா மாமா?"

"இன்னாது?"

"கால் வீங்கிக்கீது."

"நின்னுக்கினே இருந்தேன்ல."

"ஒக்காந்துக்கினு தானே இருந்தீங்க?"

நைனா வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். மூச்சு அவருக்கு மேலும் கீழும் வாங்கியது. நான் பூட்டை வரைந்துகொண்டிருந்தேன்.

1.20க்கு ஏகாம்பரம் மாமா பேருந்திலிருந்து இறங்கி வந்தார். தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினார்: "இன்னாங்கடா கூட்டம்? நான் உயிரோட தானே கீறேன்?" பிறகு கோட்டோடு என்னைப் பார்த்து, "நீ இன்னிக்கா போற?" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு பறந்தோம். விமானம் ஆறேகாலுக்கு, நேரம் இன்னும் இருந்தது. செங்கல்பட்டு நெருங்கும்போது நைனாவால் சாய்ந்து உட்கார முடியவில்லை. கலை ஓட்டுநரிடம், "அண்ணா, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றாள். என்னிடம் கேட்கவில்லை.

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். இதயம் களைத்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். நைனாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"நீ போடா. பிளேன் நிக்காது. நீ பாத்துட்டு வந்து சொன்னாத்தான் கொழந்த போவ முடியும்."

"சரி நைனா."

"அந்த அறுவத்து நாலு கேள்வில என்னப் பத்தி எதுனா கீதா?"

இல்லை. கறிவேப்பிலை இருந்தது. பருப்பு இருந்தது.

"இருக்கு நைனா."

"எத்தினாவது?"

"அறுபத்தஞ்சாவது."

பொய் என்று அவருக்குத் தெரிந்தது. சிரித்தார். நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கலை, "போங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள். நான் வண்டியில் ஏறினேன். ஏறினேன் என்பதை மறைக்கக் கூடாது. சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது குறிப்பேட்டைத் திறந்து 65 என்று எண் போட்டேன். பக்கத்தில் "நைனா" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. "திருப்புங்க அண்ணே," என்றேன்.

"சாவடி உள்ள வந்து திரும்ப முடியாது சார். கட்டிட்டுத் தாண்டித்தான் திரும்பணும்."

தாண்டி, வெகுதூரம் போய்த் திரும்பி, மறுபக்கச் சாவடியிலும் கட்டிவிட்டு வந்தோம். நான் பார்த்து வந்த அந்நிய தேசம் அவ்வளவுதான். மருத்துவமனை வாசலில் யாழினி என்னைப் பார்த்து, "அதுக்குள்ள போயிட்டு வந்துட்டியா?" என்றாள். குறிப்பேட்டில்: "4.05. திரும்பினேன். காரணம்:" அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

வேறு நாளுக்கு டிக்கெட் மாற்றவில்லை. பத்தாம் நாள் இரவு கலை தானே பதில் எழுதினாள், மூன்று வரி. என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். பிழை ஒன்றும் இல்லை.

நைனா பங்குனி வரை இருந்தார். அந்த ஏழு மாதமும் யாழினி அவரோடுதான் சாப்பிட்டாள். உப்பில்லாத அவர் சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு முகம் சுளிப்பாள். கடைசியாக மூச்சு விட்டபோது கலையின் கை அவர் நாடியில் இருந்தது, என் கை அவர் பாதத்தில்.

பையை மட்டும் அவர் வீட்டுக்குள் விடவில்லை. "போவாத பை வூட்டுக்குள்ள வரக்கூடாது," என்று திரும்ப ஏகாம்பரம் மாமா வீட்டுக்கே அனுப்பிவிட்டார். என் பாஸ்போர்ட் அங்கேயேதான் காலாவதியானது. சாஸ்திரப்படி நான் இன்றுவரை பயணத்தில் இருக்கிறேன். யாழினிக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினால்கூட, "அப்பா, பை யார் வூட்ல கீது?" என்பாள். கலை சிரிப்பாள். உறவுக்காரர் கல்யாணங்களில் இந்தக் கதையை என்னை எழுந்து நிற்க வைத்துச் சொல்கிறார்கள். தொரட்டி இடத்தில் கைதட்டல் உண்டு. சுங்கச்சாவடி வரை யாரும் போவதில்லை.

இந்தத் தாள் கிடைத்தது நைனாவின் காரியத்துக்குப் பிறகு. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், கிழிக்காமல் இருந்த மற்ற நாள்களையெல்லாம் கிழித்து எறிந்தவர், இந்த வெள்ளிக்கிழமையை மட்டும் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார். அடிக்கவுமில்லை.

ஏகாம்பரம் மாமாவிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "சனிக்கெழமன்னு தான்டா உங்கப்பன் சொன்னான்," என்றார். அடுத்த வருஷம் கேட்டபோது, "வெள்ளின்னு தான் சொன்னான், பத்து மணிக்குள்ள வந்துடலாம்னு நான்தான் போனேன்," என்றார். இரண்டு வாக்குமூலங்களையும் கேட்ட நாளோடு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் முறை கேட்பதற்கு அவரும் இல்லை.

நாற்பத்தொன்றாவது வேலையை நைனா செய்தாரா, மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது உறுதி செய்யப்படவில்லை.