படி மாஸ்டரும் என் சிகரெட்டும்

இத்தாலியின் பலெர்மோவில் மனிதரை உறங்கவைக்க என்னாலும் முடியும். தமிழ் விழாக்களில் என் கவிதைகள் அதைத்தான் செய்துவந்தன. ஆனால் உறங்கி எழுந்தவர் கையைப் பிடித்து நன்றி சொன்னது, இந்த நகரத்தில் படி மாஸ்டர் ஒருவருக்குத்தான்.

காலையில் வியா மக்வேதா வீதிப் பக்கத்து மாடிக் கட்டடங்களில் படி கழுவுவார். மாலையில் சீசா என்ற பகுதியில் தன் அறைச் சாய்மனைக் கதிரையில் ஆட்களைக் கிடத்தி, மனோவசியத்தால் சிகரெட்டை விடவைப்பார். காசு வாங்கமாட்டார், விட்டவர் லைட்டரைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அவர் வீட்டு அடுப்பு ஊரார் லைட்டரில்தான் எரிந்தது.

தொடக்கத்தில் வித்தை படுத்துவிட்டது. கண்ணை மூடவைத்து, மெல்ல மெல்லப் படி இறங்கச் சொல்வார். வந்தவர்களோ எல்லோரும் படி கழுவிப் பிழைப்பவர்கள். தேவராசா அண்ணை இரண்டாம் படியிலேயே குனிந்துவிட்டார். கண்மூடியபடி கீழ்த்தளம்வரை வெறுங்கையால் துடைத்து, வியர்த்து எழும்பி, வேலை முடிந்ததென்று ஒரு சிகரெட் கேட்டார். இன்னொருவர் வாளித் தண்ணீரை மாற்றச் சொன்னாராம்.

மாஸ்டர் சில நாள் யோசித்தார். பிறகு தேவராசா அண்ணையை மறுபடி கிடத்திச் சொன்னார்: "இண்டைக்கு இந்தப் படியளை நீங்கள் கழுவத் தேவையில்லை. ஆரோ கழுவி, துடைச்சு, காயவிட்டிட்டினம். நீங்கள் சும்மா இறங்குங்கோ."

அண்ணை நித்திரையிலேயே விம்மினார். எழும்பியதும் லைட்டரை மேசையில் வைத்தார். அதன்பின் சீசாவில் வரிசை நின்றது.

என் வீட்டிலோ என் சிகரெட் இருமல் நின்றபாடில்லை. மனைவி வசந்தி ஒருநாள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உங்கடை கவிதைக்கும் சனம் கண்ணை மூடுது, மாஸ்டரின்ரை கதைக்கும் மூடுது. அங்கை போனவை இப்ப இருமுறதில்லை." பிறகு குரல் இறங்கியது. "உங்களுக்கு ஒண்டு நடந்தால் எனக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?"

போனேன். உறங்குவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் போனேன். கதிரையில் கிடந்தபடி குற்றம் கண்டுபிடித்தேன். குரல் கட்டை. உவமை இல்லை. தாளம் இல்லை. அப்போது அந்த வரி வந்தது: ஆரோ கழுவி, துடைச்சு, காயவிட்டிட்டினம். எத்தனை வருடமாகக் கடலையும் நிலவையும் கட்டி இழுத்திருப்பேன், இந்த ஒரு வரி எனக்கு ஏன் வரவில்லை என்று பல்லைக் கடித்ததுவரை நினைவிருக்கிறது.

விழித்ததும், "எனக்கு நித்திரை வரேல்லை, மாஸ்டர்" என்றேன்.

"ஓம், ஓம். குறட்டை மட்டும்தான் வந்தது."

லைட்டரை நீட்டினேன். என் கைக்குள்ளேயே திருப்பி மடித்துவிட்டார். "வைச்சிருங்கோ. நீங்களாய் விட்டனீங்கள் எண்டு அக்காட்டைச் சொல்லுங்கோ. கவிதை எழுதுற ஆளெல்லே."

அப்படியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வசந்தி பலெர்மோ இறால் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினாள். முதல் சட்டி மாஸ்டர் வீட்டுக்குப் போனது.

போன வருடம் அவர் மகளோடு லண்டனுக்குப் போய்விட்டார். சிகரெட் என்னை விட்டுவிட்டது; பொறாமை விடவில்லை. அதை விடவைக்கவும் அவர்தான் வரவேண்டும். வந்தால், அவர் இறங்கும் படியை நான் கழுவி, துடைத்து, காயவிட்டு வைத்திருப்பேன்.