கப்பல் ஜார்ஜுக்குக் கண்ணீர் அஞ்சலி

ராயபுரம்
12.8.2003

அன்புள்ள மருமகன் நோயலுக்கு,

தாய்மாமன் அருள்பிரகாசம் ஆசியோடு எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லோரும் நலம். முக்கியமாக உன் அப்பா நலம்.

நேற்று நீ மஸ்கட்டிலிருந்து போன் பண்ணி, "லீவு கிடைக்கல மாமா, அடக்கத்த நீங்களே முடிச்சிடுங்க" என்றாய். அடக்கம் பண்ண ஆள் இல்லையடா, அவர் டீக்கடைக்குப் போயிருக்கிறார் என்று நான் வாயைத் திறப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. காசிமேட்டுச் சிநேகிதன் போஸ்டரைப் பார்த்துவிட்டு உனக்குச் சொன்னானாமே, அந்தப் போஸ்டர் கதையைக் கேள்.

எழுபது படங்களில் முதல் சண்டையிலேயே செத்துப்போன உன் அப்பா கப்பல் ஜார்ஜ், பதினைந்து வருஷமாகச் சாவதற்குக்கூடச் சினிமாவில் யாரும் கூப்பிடாத கடுப்பில், 'வந்துட்டான் வீரன்' என்று சொந்தமாக ஒரு நாடகம் எழுதி, தானே கதாநாயகனாகி, திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குப் பிடித்துவிட்டார். போஸ்டருக்காக, ஏதோ வெள்ளி விழாவில் கழுத்தில் மாலையோடு எடுத்த பழைய போட்டோ ஒன்றை அச்சாபீஸ் அமீருதீனிடம் கொடுத்தாராம். அமீருதீன் அடிப்பதில் பாதி கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். மாலையைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் மேலே இரண்டு கண்ணும், கண்ணில் நீரும் வைத்து, கீழே மண்டபமும் நேரமும் மட்டும் சரியாகப் போட்டு, எண்ணூர் வரைக்கும் ஒட்டியும் விட்டான். எங்கள் கண்ணில் பட்டபோது நாடகத்துக்கு மூன்று மணி நேரம்தான் பாக்கி. உன் அப்பாவோ காலையிலிருந்து மேக்கப் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவரிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று உன் அம்மா ஃப்ளோரா எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் விம்கோ நகர் கன்னியம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். "இன்னாக்கா, புருசன் பூட்டாரு, நீ பூ வச்சிகினு நிக்கிற? துக்கத்துக்குக்கூடவா டிக்கெட்டு?" பாவம், ஃப்ளோரா எல்லோரையும் சும்மாவே உள்ளே விட்டாள். திரை விலகியது. முதல் காட்சியில் வீரன் கட்டிலில் தூங்குகிறான். அவ்வளவுதான், சனம் வரிசையாக மேடையேறி மாலை போட ஆரம்பித்துவிட்டது. கன்னியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, "எத்தினி தபா செத்துக் காட்னே நைனா, இப்ப நெஜமாவே பூட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பதினோராவது மாலையில் மூச்சு முட்டி உன் அப்பா எழுந்து உட்கார்ந்து, "யாரடா என்னை எழுப்பியது?" என்று தன் முதல் வசனத்தைச் சொன்னார். பக்கத்து வீட்டு வரதன் மேடையிலிருந்து குதித்ததில் கால் சுளுக்கிக்கொண்டது. மற்றவர்கள் ஒரு நிமிஷம் பேயறைந்தது போல நின்றுவிட்டு, அப்புறம் கைதட்டினார்கள் பார், எழுபது படத்துக்கும் சேர்த்து அவருக்கு அப்படி விழுந்ததில்லை. நானும் அழுதேன்.

"பாத்தியா மச்சான், சனம் என்னிய மறக்கல" என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே போஸ்டர் பற்றி நீயும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாதே. லீவுக்காக முதலாளியிடம் கெஞ்சவும் வேண்டாம். வேலையைப் பார்.

உனக்கும் ஜானட்டுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருப்பாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் மாமன்
அருள்பிரகாசம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அமீருதீன் வந்தான். சட்டையைப் பிடித்தேன். "என்னிய ஏன் நைனா புடிக்கிற?" என்று பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். 'கண்ணீர் அஞ்சலி' முதற்கொண்டு எல்லாம் உன் அப்பாவின் கையெழுத்து. உள்ளே போய்க் கேட்டேன். "நாடகம்னு போட்டா எவன் மச்சான் வருவான்?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எட்டு வருசம் ஆச்சு. இதுக்காவது நோயல் வருவான்னு பாத்தேன். போனாவது பண்ணானா?" என்று கேட்டார். லைன் கிடைத்திருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.