கேமராவுக்கு வைத்த சந்தனம்

பூஜைக்கு நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். முதலாளி. அவர் சம்சாரம். என் மனைவி மல்லிகா. லாரி ஓட்டுகிற நான். கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த கேமரா.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் அன்று செய்த காரியத்துக்குப் படிப்பைக் குறை சொல்ல முடியாது. பயம்தான் காரணம்.

புது லாரியில் அந்த ஏஐ கேமராவை மாட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கொட்டாவி விட்டால் கத்தும். போனை எடுத்தால் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் ஆபீசில் ஒரு மார்க் ஏறும். பத்து ஏறினால் புது லாரி வேறு ஆளுக்கு. எனக்கு ஒன்பது ஏறியிருந்தது. (ஒன்பதும் கொட்டாவி.) மாட்ட வந்தவர்கள், இது உங்களைக் காப்பாற்றத்தான் என்றார்கள். பரமத்தி வேலூர் டீக்கடையில், முதலில் கேமரா வரும், அப்புறம் வண்டியே தானாக ஓடும், டிரைவர் எதற்கு என்றார்கள். நான் டீக்கடையை நம்பினேன்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்தேன். ஜாக்கிக்கு வைத்தேன். கேமராவோடும் சமாதானமாகப் போய்விடலாம் என்று அதன் கண் நடுவிலேயே கெட்டியாக ஒரு பொட்டு. மேலே குங்குமம். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திண்டுக்கல்லுக்கு முட்டை லோடு. கரூர் தாண்டுவதற்குள் மூன்று கொட்டாவி. சத்தமே இல்லை. மனம் இரங்கிவிட்டது என்று நினைத்தேன். போன் மட்டும் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை. மார்க் பயம்.

டோல்கேட் ஊழியர்கள் நான்கு பேர் வழி மறித்தார்கள். ஒருவர் ஏறி என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் போனில் சொன்னார்.

"டிரைவர் இருக்காருங்க. முழுசா இருக்காரு."

போனை என்னிடம் நீட்டினார். முதலாளி. சீட்டில் ஆளில்லை, வண்டி ஓடுகிறது என்று கேமரா ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததாம். நான் எங்கோ விழுந்துவிட்டேன் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆபீசுக்கு ஓடிவந்திருந்த மல்லிகா அவரிடமிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, எங்கீங்க உழுந்தீங்க?"

சந்தனத்தைச் சொன்னேன். முதலாளி போனைத் திரும்ப வாங்கினார்.

"பத்தாவது மார்க்குங்களா?" என்றேன்.

முதலாளி சிரித்தார். "யாருக்குப்பா போடறது? வண்டியிலதான் டிரைவரே இல்லையே."

லாரி என்னிடமே இருக்கிறது. இன்றைக்கும் நான் வீடு திரும்பினால், வண்டி மட்டும் வந்ததா, ஆளும் வந்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் மல்லிகா சோறு போடுகிறாள். முதலாளி அன்றைய ரிப்போர்ட்டை ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டார்.

டிரைவர் இல்லாமல் ஓடிய தூரம்: ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்.