டர்போ மாமாவின் கூடுதல் காற்று

அடையாறில் எல்லோரும் காற்று வாங்க மொட்டைமாடிக்குப் போவார்கள். காற்று போதவில்லை என்று சண்டை போடப் போனவர் டர்போ மாமா ஒருவர்தான்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடி. நைட்ரோ எரிபொருளில் ஓடும், எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின் வைத்த பொம்மைக் காரை ரிமோட்டில் ஓட்டுவார். அது அலறினால் தெருநாய்கள் பெசன்ட் நகருக்குக் குடிபெயரும். அந்த எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்தால் வேகம் இன்னும் கூடும் என்பது மாமாவின் நம்பிக்கை.

முதலில் மாமியின் ஹேர் டிரையரை எஞ்சின் காற்றிழுக்கும் கார்புரேட்டர் வாயில் கட்டினார். எஞ்சின் தும்மிவிட்டு அணைந்தது. நான் கொதிகலன் ஆய்வாளராக ஓய்வு பெற்றவன், சங்கச் செயலாளரும்கூட. சும்மா இருக்க முடியுமா?

“மாமா, நீங்க தள்ற காத்து ஃப்யூயலை டேங்குக்கே திருப்பி அனுப்புது. டேங்குக்கும் அதே அழுத்தம் வேணும். குடுத்தாலும், டூ ஸ்ட்ரோக்ல காத்து உள்ள வரப்போ புகை போற வழியும் திறந்திருக்கும். திணிச்சதெல்லாம் அந்த வழியா ஓடிடும்.”

“நீர் ரூல் பேசறீர். எஞ்சின் ரூல் படிச்சதில்லை ஓய்!”

அடுத்த முறை, தூசு ஊதும் சின்ன ப்ளோயரை காரின் முதுகில் கட்டி, டேங்குக்கும் ஒரு குழாய் இழுத்தார். டேங்க் மூடி பறந்தது. மொட்டைமாடியில் காய்ந்த பொருளாளர் அம்மாவின் வடாம் முழுக்க எரிபொருள்.

செயற்குழு கூடியது. ப்ளோயர் வைத்த கார் வெறும் காரை முந்தினால் மாமா தொடரலாம். இல்லையென்றால் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. தலைவர், பொருளாளர், செயலாளர் மூவரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வரியைச் சேர்த்தது நான்தான்.

படியிறங்கும்போது மாமி நிறுத்தினார். “அந்தக் கார் போயிடுத்துன்னா, நாள் பூரா ஆத்துல என்னையே பாத்துண்டு உக்காந்திருப்பார். ஏதாவது பண்ணுங்கோ.”

ஞாயிறு காலை, மொட்டைமாடி. தலைவர் கையில் ஸ்டாப்வாட்ச்.

“வெடிச்சிகினா என்னா சார் பண்றது?” என்றார் வாட்ச்மேன், படியிலேயே நின்றுகொண்டு.

முதலில் ப்ளோயர் இல்லாமல் வெறும் கார் ஓடி முடித்தது. பிறகு அதே கார், முதுகில் ப்ளோயரோடு. மாமா ரிமோட்டை அழுத்தினார். எஞ்சின் இதுவரை கேட்டிராத குரலில் வீறிட்டது, கார் பாய்ந்தது. பாதி வழியில் அலறல் மெலிந்தது. ப்ளோயரின் கனத்தைச் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டியபோது அது வெறும் காராக ஓடியதைவிட மெதுவாக வந்திருந்தது.

“முடிஞ்சுது. எடைக்குப் போட்டுடலாம்,” என்றார் தலைவர்.

மாமா வேட்டி நுனியால் காரைத் துடைத்தார்.

“பொருளாளர் எங்கே?” என்றேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, காதைப் பொத்தியபடி வந்தார்.

“பாத்தீங்களா மேடம்?”

“நான் எங்க சார் பாத்தேன்? பயத்துல கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்!”

“மூவரில் ஒருவர் பார்க்கவில்லை. சோதனை செல்லாது. வரும் ஞாயிறு மறுசோதனை,” என்றேன்.

“சார், இது அநியாயம்!” என்றார் தலைவர்.

“இல்லை சார். நடைமுறை.”

அடுத்த ஞாயிறு பொருளாளர் அம்மா முன்னாலேயே வந்து, கண்ணை அகலத் திறந்துகொண்டு நின்றார். தொட்டிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றது நான்.