பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பூஞ்சைப் பாடம்

கோபம் வந்தால் சிலருக்குத் திட்ட வரும், சிலருக்கு அழுகை வரும். எனக்குப் பாடம் நடத்த வரும். முதன்முதலாக எனக்கு வந்த சம்பந்தம் அப்படித்தான் முறிந்தது.

ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் எங்கள் வீடு. நான் கேம்பஸ் முடித்துவிட்டு வந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கேகாலைப் பக்கமிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். மாப்பிள்ளை முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் மாமாதான்.

"கேம்பஸ்ல என்னம்மா படிச்சே?"

"பூஞ்சைங்க. அதுங்களோட இனச்சேர்க்கை வகைங்க."

அம்மா தேத்தண்ணித் தட்டை எனக்கும் மாமாவுக்கும் நடுவில் நீட்டினாள். அப்பா அவசரமாக, "காளான் வளக்கிற படிப்புங்க" என்றார். (நாலு வருசப் படிப்பை ஒரே வரியில் கறியாக்கிவிட்டார்.)

மாமா சிரித்தார். "அதுல ஆம்பள எது, பொம்பள எது?"

"ரெண்டும் இல்லீங்க. வகைங்கதான் இருக்கு. சில காளான்ல ஆயிரக்கணக்குல."

அதோடு பேச்சு நின்றிருந்தால் இன்று நான் கேகாலையில் இருந்திருப்பேன். ஆனால் மாமா அப்பாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க? நாங்க நம்ம ஆளுங்களுக்குள்ளதான் கட்டுறது" என்றார்.

அப்பா குனிந்துகொண்டார். முப்பது ஏக்கர் மலையை ரப்பர் பால் வெட்டும் கத்தியோடு ஏறி இறங்கிய மனுசன், அந்தக் கேள்விக்குக் குனிந்தார். எனக்குக் காது சுட்டது. பாடம் தொடங்கிவிட்டது.

மாமாவின் தட்டிலிருந்து ஒரு முறுக்கையும் மாப்பிள்ளையின் தட்டிலிருந்து ஒன்றையும் எடுத்து மேசையில் ஒட்டி வைத்தேன்.

"இது ரெண்டும் மண்ணுக்குள்ள ஓடுற காளான் இழைன்னு வைங்க. ரெண்டும் ஒரே வகை. பக்கத்துல பக்கத்துல கெடந்தாலும் ஜோடி சேராது, குடை விரியாது." ஒரு முறுக்கைத் தள்ளிவிட்டு அங்கே லட்டை வைத்தேன். "இது வேற வகை. இப்ப சேரும். புதுசா ஒரு வகை வந்தா அதுக்குப் போற எடமெல்லாம் ஜோடி கெடைக்கும். அதனாலதான் வகைங்க ஆயிரமாப் பெருகிச்சு. நம்ம ஆளு நம்ம ஆளுன்னு இருந்திருந்தா உங்களுக்குக் காளான் கறியே கெடையாதுங்க!"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். மாமா பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். எனக்கு மாமாவை விட அவர்மேல்தான் ஆத்திரம். ஆளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது!

"இந்தப் புள்ளைக்குக் கல்யாணம் எதுக்குங்க?" என்று எழுந்தார் மாமா. "நல்ல கரும்பலகையா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

அப்பா வாசல்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். அம்மா என்னிடம், "சாதி கேட்டவனுக்குப் பதில் சொன்னே, சரி. அவன் தட்டுல ஏன்டி கைய வெச்சே?" என்றாள். பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் சுவரோடு காது வைத்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. விடிவதற்குள் நான் 'காளான் டீச்சர்' ஆகிவிட்டேன்.

பின்னர் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா எனக்கு உத்தரவு போட்டார்: "நீ குசினியில அடுப்பப் பாத்துக்கிட்டு இரு, வெளிய வராத." வந்தவர்களிடம் இந்தக் கதையையும் அவரே சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், வெட்கமே இல்லாமல், அதே கேள்வியைக் கேட்டார்கள்.

அப்பா இந்தத் தடவை குனியவில்லை.

"இருங்க, அதுக்குப் பதில் மூத்தவதான் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, குசினிப் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.