வேர் எதுவென்று சொல்லாத சர்வர்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இதை யாரிடமும், முக்கியமாக உங்கள் தம்பியிடம், காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் நலம். அப்பா நலமில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஊழியர்கள் எல்லாருடைய பெயரும் பிரிவும் ஒரு சர்வரில் மரம்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த மரத்தைத் திறந்து காட்டும் டைரக்டரி பிரவுசர் மூன்று நாளாக, மரம் தொடங்கும் வேர்ப் பதிவைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்லிவிட்டு வெள்ளைத் திரையைக் காட்டுகிறது. நாளை ஒன்பது மணிக்கு நிர்வாகி முன்னால் திறந்து காட்டாவிட்டால் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வெளியாட்களுக்குப் போய்விடும், அப்பா மருந்துக் கிடங்குக்குப் போய்விடுவார். பழி என் மேல். போன வாரம் அந்த லேப்டாப்பில் அறிவியல் பாடத்துக்குப் படம் வரைந்தேன். "நீ கை வச்சதுல இருந்துதான் இப்படி ஆகுது!" என்கிறார். "தவளை வரைஞ்சா சர்வர் கெட்டுடுமாப்பா?" என்று கேட்டேன். "வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு" என்றார். "அது உங்க வீட்டு வாய்தான்" என்றார் அம்மா.

இன்று அப்பா குளிக்கப் போனபோது லேப்டாப்பைத் திறந்தேன். அதே சர்வரிலிருந்து பெயர்களை எடுக்கும் தொலைபேசிப் பட்டியல் ஜம்மென்று ஓடுகிறது. அப்படியானால் மரம் பத்திரமாக இருக்கிறது. பட்டியலின் அமைப்புகளுக்குள் போனால், வேரின் பெயரை யாரோ கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரவுசரோ, அப்பா அதில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொல்லைத் தருவதற்கு முன்பே சர்வரிடம் வேர் எதுவென்று கேட்கிறது. போன வாரம்தான் அப்பா, "இனிமே கடவுச்சொல் இல்லாம ஒரு ஈ எறும்புகூட உள்ள எட்டிப் பார்க்க முடியாது" என்று பெருமையாகப் பூட்டினார். அந்தக் கேள்விக்கான பதிலையும் சேர்த்துப் பூட்டிவிட்டார் அத்தை! வேரைத் தானாகத் தேடும் டிக் குறியை எடுத்துவிட்டு, பெயரை நானே தட்டினேன். சமையலறை ஊழியர் வரைக்கும் மரம் விரிந்தது. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எதையும் சேமிக்காமல் மூடிவிட்டேன்.

நான் சொன்னால், தொட்டதற்கே தோலை உரிப்பார். அவருடைய அக்கா நீங்கள் சொன்னால் கேட்பார். விடிந்ததும் இதைப் படமெடுத்து அம்மா போனிலிருந்து அனுப்புகிறேன். ஏழு மணிக்குள் அப்பாவைக் கூப்பிட்டு, உங்களுக்கே தோன்றியதுபோல் சொல்லிவிடுங்கள். வேரின் பெயர் பின்பக்கத்தில் இருக்கிறது.

மாமாவுக்கு வணக்கங்கள், உங்கள் குட்டிப் பையனுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
ஒரு தவறும் செய்யாத உங்கள் மருமகள்

பின்குறிப்பு: அப்பாவைக் கூப்பிட வேண்டாம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவரேதான். "கண்ணு, தூங்கிட்டியா? குளிச்சிட்டு வந்தப்ப பார்த்தேன்டா, நீ மூடறதுக்கு முன்னாடி திரையில மரம் திறந்திருந்துச்சு. எப்படித் திறந்தே? அம்மாவுக்குத் தெரியாம கொஞ்சம் வந்து சொல்லேன்." இவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை, அத்தை. இன்னொரு தடவை தட்டட்டும், அப்புறம் எழுந்து போகிறேன்.